பால்மா டின்னில் போன பதக்கம்

தப்பு என் கையால்தான் நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பாதி சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் உடையப்பன் குறுக்கே விழுந்து சொல்லிவிடுவார். இன்றைக்கும் இந்த வீட்டில் ஒரு கரண்டி காணோம் என்றால்கூட, "கிளிநொச்சிக்குப் பார்சல் போயிருக்கும், பஞ்சவர்ணத்தைக் கேளுங்க" என்கிறார் அந்த மனுஷன்.

குவைத் அப்பாசியாவில் நாங்கள் இருப்பது ஷேரிங் பிளாட், ஐந்தாவது மாடி. பெரிய ரூமில் மதுசூதனனும் கஜந்தியும். சிலோன்காரர்கள், கிளிநொச்சிப் பக்கம். மது ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர், கஜந்தி கிளினிக்கில் ரிசப்ஷன். சின்ன ரூமில் நானும் உடையப்பனும். நாங்கள் பரமக்குடிப் பக்கம். அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார், அதே பஸ்ஸில் நான் ஆயா. கிச்சன் ஒன்றுதான். ஒரு கிச்சனில் இரண்டு பொம்பளைகள் ஏழு வருஷம் சண்டையில்லாமல் இருக்கிறோம் என்றால் அதற்கு கஜந்தியின் பொறுமைதான் காரணம், என் வாய் இல்லை.

கீழ்த்தளம் முழுக்க ஒரு கம்பெனியின் கோடவுன். அதற்குக் காவல் பிரிமா. சியரா லியோன் என்று ஆப்பிரிக்காவில் ஒரு நாடாம், அங்கிருந்து வந்தவர். ஆறடிக்கு மேலே உயரம், இடது காலைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்து நடப்பார். வந்த புதிதில் அவரைக் கண்டால் நான் தலையைக் குனிந்துகொண்டு லிப்டுக்கு ஓடுவேன். எங்கள் ஊரில் என்னையே கருவாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட நான் இன்னொருத்தர் நிறத்தைப் பார்த்துப் பயந்தேன் என்றால் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? பில்டிங்கில் அவரவர் வாய்க்கு வந்த பேரை வைத்துக் கூப்பிட்டார்கள். அவர் எல்லாருக்கும் குட்மார்னிங் சொன்னார்.

கொரோனா வந்ததே, அப்போதுதான் எங்கள் புத்தி தெளிந்தது. அப்பாசியாவை அப்படியே அடைத்துவிட்டார்கள். உள்ளே யாரும் வர முடியாது, வெளியே யாரும் போக முடியாது. பிரிமாவுக்கு மாற்று டூட்டிக்கு ஆள் வரவில்லை, தங்குகிற லேபர் கேம்ப்புக்கும் போக வழியில்லை. கேபினுக்குள்ளேயே நாற்காலியில் தூங்கினார். கஜந்திதான் முதல் நாள் ஒரு தட்டில் சோறும் மீன்குழம்பும் கொண்டுபோய் வைத்தாள். "காரம் பத்தலை, சிஸ்டர்" என்று சொல்லி அனுப்பினாராம். யாழ்ப்பாணத்துத் தூள் போட்ட குழம்பைப் பார்த்து! கஜந்திக்கு வந்ததே ரோஷம், மறுநாள் இரண்டு கரண்டி தூள் கூடப் போட்டாள். அதையும் வழித்துச் சாப்பிட்டார். அன்றைக்கே எங்கள் வீட்டு ஆள் ஆகிவிட்டார்.

அந்த மாதமே உடையப்பனுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது, லிப்ட் வேலை செய்யவில்லை, மதுவும் காய்ச்சலில் கிடக்கிறான், அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் சாத்தியாச்சு. நோய் ஒட்டிக்கொள்ளுமே என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிரிமா ஏறி வந்தார். என் வீட்டுக்காரரை முதுகில் தூக்கிக்கொண்டு, அந்தச் சாய்ந்த காலை வைத்துக்கொண்டு, ஐந்து மாடி இறங்கினார். எண்பத்தி நாலு கிலோ ஆள்! எனக்கு இன்றைக்கு நெற்றியில் குங்குமம் இருக்கிறதென்றால் அது அவர் முதுகால் வந்தது. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சொல்வேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நானும் அவரும் பேசுவது பாதி இந்தி, பாதி இங்கிலீஷ், மீதி கை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அந்தப் பதக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். பித்தளை நிறத்தில் உள்ளங்கை அகலம், மேலே ஒரு பட்டைத் துணி. கூடவே ஒரு தொப்பி, சின்னச் சட்டம் போட்ட ஒரு போட்டோ. போட்டோவில் இருபத்தைந்து வயசுப் பிள்ளை, ராணுவ உடுப்பில், துப்பாக்கியோடு.

அவர்கள் நாட்டில் பத்துப் பதினோரு வருஷம் உள்நாட்டுச் சண்டை நடந்ததாம். ஒரு ஆற்றுப் பாலத்தில் ஊர்ச் சனம் பெட்டி படுக்கையோடு கடந்துகொண்டிருக்கிறது, பின்னால் கலகக்காரர்கள் சுட்டுக்கொண்டு வருகிறார்கள். இவரும் இன்னும் இரண்டு பேரும் பாலத்தின் தலைமாட்டில் படுத்துக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம்வரை விடாமல் தடுத்தார்களாம். கூட இருந்த இரண்டு பேரும் செத்தார்கள். இவருக்குத் தொடையில் குண்டு. முந்நூறு பேருக்கு மேல் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்களாம். அதற்குத்தான் பதக்கம்.

"அடேயப்பா!" என்றார் உடையப்பன். அன்றையிலிருந்து பிரிமாவுக்கு 'சோல்ஜர்' என்று பேர் வைத்துவிட்டார். கஜந்தி மட்டும் அந்தப் போட்டோவைப் பார்த்தவள் எழுந்து கிச்சனுக்குப் போய்விட்டாள். ஆமி உடுப்பைக் கண்டால் அவளுக்கு ஆகாது, அது எனக்குத் தெரியும். பிரிமா தயங்கித் தயங்கிக் கேட்டார். கேம்ப்பில் ஒரு ரூமுக்குப் பன்னிரண்டு பேர், வருஷத்துக்கு இரண்டு தடவை கேம்ப்பை மாற்றுகிறார்கள், மாற்றும்போதெல்லாம் சாமான் காணாமல் போகிறது, இதை இங்கே வைத்துக்கொள்ள முடியுமா என்று.

கஜந்தி கிச்சனிலிருந்தே பதில் சொன்னாள். "அவரை எனக்குத் தெரியும். அந்தப் படத்தில இருக்கிறவரைத்தான் தெரியாது. ஒரு டின்னுக்குள்ள போட்டு மூடி மேல் தட்டில வையுங்கோ."

பால்மா என்று கஜந்தி சொல்கிற பால்பவுடரின் காலி டின்னொன்றில் எல்லாவற்றையும் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மது அதை மேல் தட்டில் வைத்தான். அங்கேயே மூன்று வருஷம் இருந்தது. நான் இருக்க விட்டேனா?

பிரவீணன் லீவில் போகிறான் என்று தெரிந்தது. சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்யும் பையன், கஜந்தியின் ஊர்க்காரன், பன்னிரண்டு நாள் லீவு. கல்பில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, லீவில் போகிறவன் பெட்டியில் அவன் சாமான் பாதி, அடுத்தவர் சாமான் பாதி. எங்கள் வீட்டுக்கு எட்டுக் கிலோ ஒதுக்கினான். கஜந்தியின் அக்கா வடிவக்காவுக்குப் போகிற பெட்டி. சோப்பு, கோடாலித் தைலம், பால்மா, இரண்டு பெட்ஷீட். கஜந்தி ஈவினிங் டூட்டி, "நீங்கள் கட்டி வையுங்கோ வர்ணம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் கட்டித் தராசில் மாட்டினேன். ஏழு கிலோ இருநூறு. எண்ணூறு கிராம் மிச்சம்!

எண்ணூறு கிராமைச் சும்மா விட்டால் கல்ப்காரிக்குத் தூக்கம் வருமா? கீழே பிரவீணன் டாக்ஸியை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடிக்கிறான். அண்ணாந்து பார்த்தேன், டேப் ஒட்டிய டின். ஏலக்காயும் பிஸ்தாவும் போட்டு அக்காவுக்கென்று கஜந்தி எடுத்து வைத்திருப்பாள் போலிருக்கிறது, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். சத்தியமாகப் பதக்கத்தின் ஞாபகமே வரவில்லை. எடுத்து உள்ளே திணித்துத் தராசில் மாட்டினேன். சரியாக எட்டுக் கிலோ. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரிமா சாப்பிட வந்தார். அது அவருடைய கடைசி வெள்ளிக்கிழமை. ஒன்பது வருஷம் போதும் என்று விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டார், வியாழக்கிழமை பிளைட். அதற்கு மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஊரில் மகள் ஐசத்துக்குக் கல்யாணம்.

"டின்னை எடுத்துக் கொடுங்க சிஸ்டர், பாலிஷ் போடணும்" என்றார். "கல்யாணத்தில் குத்திக்கொள்ளப் போகிறேன். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருத்தர், 'பொண்ணுக்கு அப்பா அரபுநாட்டில் வாட்ச்மேனாமே' என்று கேட்டாராம். வாட்ச்மேன் வேலை ஒன்றும் அசிங்கம் இல்லை. ஆனால் என் மகள் பிறந்தபோது சண்டை முடிந்துவிட்டது. வீடு எரிந்து, எல்லாம் போய், என்னிடம் மிஞ்சினது இது ஒன்றுதான். அவள் ஒரு நாளாவது அதை என் சட்டையில் பார்க்கட்டும்."

கஜந்தி ஸ்டூல் போட்டு ஏறினாள். "இஞ்ச காணேல்லையே... மது, நீங்கள் எடுத்தனீங்களோ?"

"நான் ஏன் எடுக்கிறன்?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தேன். "ஆத்தாடி, கஜந்தி" என்றேன். "டேப் ஒட்டுன டின்னா? அதை நானில்ல பெட்டிக்குள்ள போட்டுப்புட்டேன்!"

"எந்தப் பெட்டிக்குள்ள?"

"வடிவக்கா பெட்டிக்குள்ளதான்."

கஜந்தி ஸ்டூலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். உடையப்பன் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "உன்னைய எவடி கிலோ பாக்கச் சொன்னது?" என்று ஒரு கத்து கத்தினார்.

பிரவீணன் செவ்வாய்க்கிழமை கொழும்புக்குக் கிளம்பி, புதன்கிழமை காலை குவைத் வந்துவிடுவான். அவன் கையில் கொடுத்துவிடச் சொன்னால் போதும், பிளைட்டுக்கு ஒரு நாள் முன்னால் வந்துவிடும். அந்த நம்பிக்கையில் கஜந்தி வாட்ஸ்அப்பில் வடிவக்காவுக்கு வீடியோ கால் போட்டாள். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

"அக்கா, பெட்டியில டின் ஒண்டு வந்ததெல்லே?"

"ரெண்டு வந்தது. ஒண்டு பால்மா. மற்றதைப் பற்றிப் போனில கதைக்காதை" என்றாள் வடிவக்கா.

"ஏனக்கா?"

"ஏனெண்டோ கேக்கிறாய்? உனக்கென்ன விசரே? ஏலக்காய் எண்டு நினைச்சுத் திறந்தால் உள்ளுக்கு ஆமிக்காரன்ர தொப்பி, ஆமிக்காரன்ர படம், பதக்கம்! ஆரோ வேணுமெண்டு வைச்சு என்னை மாட்டப் பாக்கிறாங்கள் எண்டு நான் ரெண்டு நாள் தண்ணிகூட ஒழுங்காக் குடிக்கேல்லை. காணாமல் போன ஆக்களைக் கேட்டு றோட்டோரம் போட்ட கொட்டிலில போய் இருக்கிற பொம்பிளையளைப் பொலிஸ்காரங்கள் மாசத்தில ரெண்டு தரம் வந்து விசாரிக்கிறாங்கள். என்ர வீட்டில உது கிடந்தால் நான் என்னெண்டு மறுமொழி சொல்லுறது?"

"இப்ப எங்க வைச்சிருக்கிறியள்?"

"கோழிக்கூட்டுக்குக் கீழ மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டன்."

உடையப்பன் சிரித்துவிட்டார், நான் அவர் காலை மிதித்தேன். வடிவக்காவின் கதை அவருக்கும் தெரியும். கடைசிச் சண்டை முடிந்த அன்று, இயக்கத்தோடு தொடர்பு இருந்தவர்கள் வந்து பேர் பதிந்தால் விட்டுவிடுவோம் என்று ஆமிக்காரர்கள் ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். அவளுடைய வீட்டுக்காரர் முன்னே இயக்கத்துக்கு லாரி ஓட்டினவர். அவள்தான், போய்ப் பதிந்துவிட்டு வாங்கோ என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். கையைத் தூக்கிக்கொண்டு போனார், பஸ்ஸில் ஏற்றினார்கள். பதினாறு வருஷமாகிறது. மரணச் சான்றிதழ் தருகிறோம், நஷ்டஈடு தருகிறோம் என்று வந்தவர்களை விளக்குமாற்றைக் காட்டித் துரத்தியிருக்கிறாள். ஆபீஸ் ஆபீஸாக அவள் கேட்பது ஒரே கேள்வி, ஏற்றின பஸ் எங்கே போனது என்று.

கஜந்தி கெஞ்சினாள். "அது எங்கட பிரெண்டின்ர சாமான் அக்கா. வேற நாட்டு ஆமி. அந்த மனிசன் இஞ்சதான் இருக்கிறார், பாருங்கோ." போனைத் திருப்பினாள். பிரிமா எழுந்து நின்று கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிந்தார்.

வடிவக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உவனோ? உந்தப் பதக்கம் எத்தினை பேரைச் சுட்டதுக்குக் குடுத்தவங்களாம்?"

"அக்கா, அப்பிடிக் கேக்காதேங்கோ. அவர் சனத்தைக் காப்பாத்தினவர்."

"எல்லா ஆமியும் சனத்தைக் காப்பாத்தினது எண்டுதான் பதக்கம் குத்துறாங்கள். நான் தர மாட்டன் பிள்ளை. ஆமிக்காரன்ர சாமானைத் திருப்பிக் குடுக்கிறதுக்கு நான் என்ன தபால்காரியே? நாங்கள் குடுத்ததை எங்களுக்கு ஆர் திருப்பித் தந்தவை?" போன் கட்டாகிவிட்டது.

பிரிமாவுக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. மது அவசரமாகச் சமாளித்தான். "பத்திரமா இருக்காம், அனுப்பிவிடுகிறாவாம்."

"மது பாய்" என்றார் பிரிமா, "இருபத்தைந்து வருஷமாக கேட்டில் நின்று மனுஷர் முகத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. உள்ளதைச் சொல்லுங்க."

கஜந்தி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பஸ்ஸைச் சொன்னாள், கேட்ட கேள்வியைச் சொன்னாள். பிரிமா தட்டில் பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவினார். "கேட்டது சரியான கேள்வி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தூசிக்காற்று. ஜன்னல் ஓரத்தில் ஈரத்துணியை அடைத்தும் நாக்கில் மண் நறநறத்தது. பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு நான் கேபினுக்கு இறங்கிப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன்.

"வர்ணம் சிஸ்டர்" என்றார். "கலகக்காரர்கள் பத்து வருஷம் முயற்சி பண்ணியும் என்னைப் பிடிக்க முடியவில்லை. நீங்கள் எண்ணூறு கிராமில் பிடித்து நாடு கடத்திவிட்டீர்களே!"

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது. "கடையில அதே மாதிரி ஒண்ணு செஞ்சு வாங்கித் தந்துரவா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அப்புறம் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அந்த அக்கா என்னிடம் வேறு ஏதாவது கேட்பார்களா?" என்றார். எனக்கு அது புரியவில்லை.

திங்கள்கிழமை சாயங்காலம் வடிவக்காவே கூப்பிட்டாள். கஜந்தி அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றினாள்.

"அந்த ஆமிக்காரனைக் கூப்பிடு" என்றாள் வடிவக்கா. "நான் ஒண்டு கேக்கவேணும். நீ கூட்டிக் குறைச்சுச் சொல்லாமல், நான் கேக்கிறதை அப்பிடியே அவனிட்டச் சொல்லு. அவன் சொல்லுறதை அப்பிடியே எனக்குச் சொல்லு."

உடையப்பன் கீழே ஓடிப்போய் பிரிமாவின் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு அவரை மேலே அனுப்பினார். பிரிமா போனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"கையைத் தூக்கிக்கொண்டு வந்த ஆக்களை நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள் வடிவக்கா.

கஜந்தி அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். பிரிமா தொடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் நல்லவிதமாக ஒரு பொய் சொல்லிவிட மாட்டாரா என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. ஒரே ஒரு பொய், பதக்கம் வந்துவிடும்.

"பாலத்தில் நடந்தது உண்மை" என்றார். "அதற்குப் பிறகு, கால் ஆறி நான் திரும்பிப் போன சமயம், பதினோரு பேர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தோம். நான் கேட்டில் காவல். அதில் ஒருவன் சோரி, தச்சன். கலகக்காரர்கள் கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனவன். தன் ஊர்ப் பேரையும் பெண்சாதி பேரையும் சொன்னான். அவள் பேர் யாபோம். 'நான் இங்கே இருக்கிறேன் என்று அவளுக்கு ஆள்விட்டுச் சொல்' என்றான். சரி என்றேன். சாயங்காலம் ஆபீசர் வந்தார். பதினோரு பேரையும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார்கள். நான் கேட்டைவிட்டு நகரவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டது. இரண்டு மாசம் கழித்து அதே ஆபீசர்தான் எனக்குப் பதக்கத்தைக் குத்திவிட்டார்."

கஜந்தி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். கண்ணீர் தாடை வழியாக வடிய, துடைக்காமல் சொன்னாள்.

வடிவக்கா கேட்டாள். "அந்தப் பொம்பிளையிட்டப் போனனியோ?"

"இல்லை."

"எவ்வளவு தூரம்?"

"என் ஊரிலிருந்து வண்டியில் மூன்று மணி நேரம். இருபத்தைந்து வருஷமாக அந்த ரோட்டுப் பக்கமே நான் போனதில்லை. சண்டைக்குப் பயப்படாதவன் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அந்த ஒரு வீட்டு வாசலுக்குப் பயந்துதான் முதலில் வேறு ஊருக்கும், அப்புறம் இந்த நாட்டுக்கும் வந்தேன்."

வடிவக்கா அழுவாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு போனுக்குக் கிட்டே வந்தாள்.

"பதினாறு வருசமா எத்தினை மேசைக்கு முன்னால நிண்டு கேட்டுட்டன். ஒருத்தனும் வாய் திறக்கேல்லை. எல்லாருக்கும் ஒண்டும் தெரியாதாம். முதல்முதலா ஒரு ஆமிக்காரன், நான் அங்க நிண்டனான், எனக்குத் தெரியும் எண்டு சொல்லுறான். அதுவும் ஆரின்ரையோ நாட்டு ஆமி. கஜந்தி, அவனிட்டச் சொல்லு. நான் டின்னைப் பிரவீணனிட்டக் குடுத்து விடுறன். ஆனா ஊருக்குப் போனவுடனே, பிள்ளையின்ர கலியாணத்துக்கு முன்னால, அவன் அந்தப் பொம்பிளையின்ர வீட்டை போகவேணும். போய், எங்க, எப்ப, எப்பிடி எண்டு எல்லாத்தையும் சொல்லவேணும். அவள் அடிச்சால் அடிவாங்கட்டும். சொன்ன பிறகு பதக்கத்தைக் குத்தட்டும். சொல்லாமல் குத்தினால்..." கையை விரித்தாள். "அது அவன்ர மனச்சாட்சி."

பிரிமா கேட்டுவிட்டு, "போகிறேன் என்று சொல்லுங்க" என்றார். எழுந்திருக்க முடியாமல் மதுவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

புதன்கிழமை காலை பிரவீணன் ஏர்போர்ட்டிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். டின்னைத் தோண்டி எடுத்து, கழுவித் துடைத்துத்தான் அனுப்பியிருந்தாள் வடிவக்கா. தொப்பியைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து, மிச்ச இடத்தில் எள்ளுருண்டையை அடைத்திருந்தாள். "வழியில பசிச்சால் தின்னட்டும்" என்று சொல்லிவிட்டாளாம். கிலோவை வீணாக்காத ஜாதியில் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று உடையப்பனிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை பிரிமாவை அனுப்ப நாங்கள் நாலு பேரும் ஏர்போர்ட்டுக்குப் போனோம். உடையப்பன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். தன் பஸ்ஸில் ஸ்கூல் பிள்ளைகள் ஒரு சத்தம் போட்டால் கண்ணை உருட்டுகிற மனுஷன்! பிரிமா டின்னைப் பெட்டியில் போடவில்லை, கையிலேயே வைத்திருந்தார். என்னைப் பார்த்து, "இனி இது உங்கள் தராசுக்குக் கிடைக்காது" என்றார். உள்ளே போகிறவரைக்கும் அந்தச் சாய்ந்த நடையைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

சனிக்கிழமை ஐந்து மணி வாக்கில் போன் வந்தது. நான் பருப்புத் தாளித்துக்கொண்டிருந்தேன், அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். திரையில் பிரிமா. பின்னால் செம்மண் ரோடு, ஒரு மாமரம். கன்னம் வீங்கியிருந்தது. "அக்காவையும் கூப்பிடுங்க" என்றார். கஜந்தி வடிவக்காவையும் சேர்த்துக்கொண்டாள்.

"போனேன்" என்றார். "உயிரோடுதான் இருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. நான் யார் என்று சொன்னேன். முதலில் அடித்தாள். கையால் அடித்தாள், அப்புறம் உலக்கையை எடுத்தாள், அவள் மகன் பிடித்துக்கொண்டான். நான் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். பள்ளிக்கூடம் எது, பின்னால் எந்த இடம், என்ன கிழமை. நாளைக் காலை மகனைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டுகிறேன். அங்கிருந்து நேரே கல்யாணத்துக்குப் போவேன்."

கஜந்தி சொல்லச் சொல்ல வடிவக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். "கலியாணத்துக்குப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு போகச் சொல்லு" என்றாள். பிறகு, "எல்லாம் கேட்ட பிறகு அந்தப் பொம்பிளை என்ன சொன்னவ?" என்றாள்.

பிரிமா சொன்னார். "ஒரு கேள்வி கேட்டாள். அன்றைக்கு அவர் சாப்பிட்டாரா என்று கேட்டாள்."

வடிவக்காவின் முகம் போனில் அசையவே இல்லை. லைன் போய்விட்டதோ என்று மது திரையைத் தட்டினான்.

"சாப்பிட்டவராமோ?" என்றாள் வடிவக்கா.

"ஓமக்கா" என்றாள் கஜந்தி, பிரிமா சொன்னதைக் கேட்டு. "மத்தியானம் தன்ர சாப்பாட்டுக் கோப்பையில இருந்த சோத்தில பாதியை இவர் குடுத்தவராம். அந்தத் தச்சர் முழுக்கச் சாப்பிட்டவராம். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவராம்."

வடிவக்கா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாத மாதிரி, சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்ப, என்ர மனிசனுக்கும் ஆரும் ஒருத்தன் குடுத்திருப்பான், என்ன?"

கஜந்தியால் அதை இங்கிலீஷில் சொல்ல முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள். மது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிரிமா எங்கள் முகங்களையெல்லாம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கஜந்தியின் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"குடுத்திருப்பான் அக்கா" என்றேன். "கண்டிப்பா ஒருத்தன் குடுத்திருப்பான்."